இருபது நாள் குறைகிறது, எல்.கே.ஜி.யில் சேர்த்துவிடலாமா?

கேள்வி: என் மகள் 2023 ஆகஸ்ட் 20-ல் பிறந்தவள். வரும் ஜூன் 2026-ல் இரண்டே முக்கால் வயது. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில், "ஜூலை 31-ல் மூன்று வயது முடிய இருபது நாள்தானே குறைகிறது, எல்.கே.ஜி.யிலேயே போட்டுக்கொள்கிறோம்" என்கிறார்கள். கணவருக்கு சி.பி.எஸ்.இ.தான் வேண்டும். மாமியார், தெருக்கோடி அங்கன்வாடியே இப்போதைக்குப் போதும் என்கிறார். ஏப்ரலில் நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்:

இந்த ஜூனில் எல்.கே.ஜி. வேண்டாம். ஒரு வருடம் அங்கன்வாடிக்கோ பக்கத்தில் உள்ள ஒரு சின்ன பிரீ.கே.ஜி.க்கோ போகட்டும். எல்.கே.ஜி.யை 2027 ஜூனில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மாமியார் சொல்வதில் நீங்கள் நினைப்பதைவிட விஷயம் இருக்கிறது, அதற்கும் வருகிறேன்.

திருச்சியில் ஒரு நர்சரி பள்ளியில் பதினெட்டு வருடம் எல்.கே.ஜி. எடுத்தவள் நான். கடைசி ஆறு வருடம் மார்ச், ஏப்ரல் மாதங்களில் சேர்க்கை மேசையிலும் உட்கார வைத்தார்கள். "இருபது நாள்தானே" என்ற அதே வசனத்தை நானும் பல அம்மாக்களிடம் சொல்லியிருக்கிறேன். ஏப்ரல் கடைசி வாரத்தில் தாளாளர் வந்து "இன்னும் ஏழு சீட் காலியா இருக்கே டீச்சர்" என்று கேட்டுவிட்டுப் போவார். அப்புறம் எதிரே உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு இருபது நாள் குறைவது கண்ணுக்குத் தெரியாது.

வயதுக் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். தமிழ்நாட்டில் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு ஜூலை 31-தான் கணக்குத் தேதி. அன்றைக்கு 3 வயது முடிந்திருந்தால் எல்.கே.ஜி., 4 முடிந்திருந்தால் யு.கே.ஜி., 5 முடிந்திருந்தால் ஒன்றாம் வகுப்பு. உங்கள் மகளை இப்போதே எல்.கே.ஜி.யில் போட்டால் 2028 ஜூனில் ஒன்றாம் வகுப்பு வாசலில் நிற்பாள். அந்த ஜூலை 31-ல் அவளுக்கு 5 முடிந்திருக்காது, அதே இருபது நாள் அப்போதும் குறையும். இப்போது சிரித்துக்கொண்டே சேர்த்தவர்கள் அப்போது "எமிஸ்ல ஏத்த முடியல" என்பார்கள். எமிஸ் என்பது மாணவர் விவரங்களை ஏற்றிவைக்கும் பள்ளிக்கல்வித் துறையின் கணினிப் பதிவு. அல்லது நீங்கள் வீடு மாறி வேறு பள்ளிக்குப் போவீர்கள், அங்கே வயது பார்த்துவிட்டு "யு.கே.ஜி. இன்னொரு தடவை படிக்கட்டும்" என்பார்கள். இரண்டு வருடம் கூடவே உட்கார்ந்த பிள்ளைகள் மேலே போக, இவள் மட்டும் கீழே நிற்பாள். இதை நேரில் பார்த்திருக்கிறேன்.

நம் பெற்றோர் காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள், தொட்டால் ஒண்ணாப்பு. பிறந்த தேதியை வாத்தியாரே போட்டுக்கொள்வார். அந்தத் தலைமுறையில் எத்தனை பேருக்குச் சான்றிதழ்ப் பிறந்தநாள் ஜூன் மாதத்தில் வருகிறது என்று உங்கள் வீட்டிலேயே விசாரித்துப் பாருங்கள். இப்போது பிறப்புச் சான்றிதழில் உள்ள தேதியை யாரும் நகர்த்த முடியாது. நகர்த்திக் கொண்டுவரச் சொல்கிற பள்ளி இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது உங்கள் கணவர் கேட்கும் சி.பி.எஸ்.இ. கணக்கு. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை ஒன்றாம் வகுப்புக்கு 6 வயது என்கிறது. கேந்திரிய வித்யாலயா பள்ளிகள் 2022-23 முதல் அப்படித்தான் சேர்க்கின்றன, அங்கே கணக்குத் தேதி மார்ச் 31. தனியார் சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் சில இதற்கு மாறிவிட்டன, சில பழைய கணக்கிலேயே ஓடுகின்றன. தமிழ்நாடு அரசோ 2025 ஆகஸ்டில் வெளியிட்ட தன் கல்விக் கொள்கையில் 5 வயது என்பதிலேயே நிற்கிறது. இந்த இழுபறி உங்கள் மகளுக்கு எப்படி வந்து விடிகிறது என்று பாருங்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் 2027-ல் எல்.கே.ஜி. சேர்த்தால் 2029 ஜூனில் ஒன்றாம் வகுப்பு, 5 வயது 9 மாதம். 6 வயதுக் கணக்கு பார்க்கும் பள்ளி என்றால் 2029 மார்ச் 31-ல் அவளுக்கு 6 முடிந்திருக்காது, ஆகவே 2030-ல்தான் ஒன்றாம் வகுப்பு. நடுவில் ஒரு வருடம் கூடுதலாக ஏதோ ஒரு பெயரில் இருக்கும், அந்த வருடத்துக்கும் கட்டணம் இருக்கும். அதனால் சி.பி.எஸ்.இ. பள்ளிக்குப் போனால் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: "2023 ஆகஸ்டில் பிறந்த குழந்தை உங்களிடம் எந்த வருடம் ஒன்றாம் வகுப்புக்குப் போகும்?" பதிலை அவர்கள் சேர்க்கைத் தாளின் பின்பக்கத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். நீங்களும் உங்கள் கணவரும் சண்டை போட வேண்டியதெல்லாம் இந்த ஒரு விஷயத்துக்குத்தான். மூன்று வயதுக் குழந்தைக்கு மாநிலப் பாடத்திட்டமும் ஒன்றுதான், சி.பி.எஸ்.இ.யும் ஒன்றுதான். களிமண்ணை உருட்டுவதில் என்ன பாடத்திட்டம் இருக்கிறது!

சரி, வகுப்பில் சின்னவளாக இருந்தால் என்ன குறை, சமாளித்துக்கொள்ள மாட்டாளா என்று கேட்கலாம். என் மகனையே சொல்கிறேன். நான் வேலை பார்த்ததால் அவனை இரண்டரை வயதில் வேறொரு பள்ளியில் எல்.கே.ஜி. போட்டேன். கெட்டிக்காரன் என்று எல்லோரும் சொன்னார்கள், எனக்கும் பெருமை. முதல் இரண்டு வருடம் ஒன்றும் தெரியவில்லை. ஒன்றாம் வகுப்பில் கரும்பலகையைப் பார்த்து எழுதி முடிப்பதற்குள் டீச்சர் அழித்துவிடுவார். வீட்டுக்கு வரும் நோட்டில் ஒவ்வொரு பக்கமும் பாதியில் நிற்கும், அடியில் சிவப்பு மையில் "முழுமையற்றது". அவனுக்குப் புத்தி குறைவில்லை. கூட உட்கார்ந்திருந்த பையனுக்கு அவனைவிடப் பத்து மாதம் அதிகம், ஆறு வயதில் பத்து மாதம் என்பது பெரிய தூரம். மூன்றாம் வகுப்பு வரைக்கும் அவனுக்கு எழுதுவது என்றாலே வயிறு வலிக்கும். அந்தப் பள்ளியைக் குறை சொல்லி என்ன, கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தது நான்தானே. 2027-ல் சேர்த்தால் உங்கள் மகள் வகுப்பிலேயே மூத்தவர்களில் ஒருத்தியாக இருப்பாள். அதைக் கையில் கிடைத்த வசதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மாமியார் கட்சிக்கு வருகிறேன்.

அங்கன்வாடி என்றதும் நம்மில் பலருக்குச் சத்துமாவும் சோறும்தான் ஞாபகம் வரும். அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2-ல் தொடங்கியபோதே முன்பருவக் கல்வி அதன் ஆறு சேவைகளில் ஒன்று. தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. 2 வயது முடிந்தால் வருடத்தின் நடுவிலும் சேர்க்கலாம், கட்டணம் கிடையாது. மாதாமாதம் எடை போடுவார்கள். மதியம் சூடாகச் சாப்பாடு, வாரத்தில் மூன்று நாள் முட்டை. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் தொடங்கியபோது முதலில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களில் இந்த வயதுக் குழந்தைகளும் உண்டு. எங்கள் பக்கத்தில் இன்னும் பால்வாடி என்றுதான் சொல்கிறோம்.

ஆனால் எல்லா மையமும் ஒரே மாதிரி இருக்காது. சில இடங்களில் பணியாளர் அன்பாகப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பார், சுவரில் படம் இருக்கும், உதவியாளர் சுத்தமாகச் சமைப்பார். சில இடங்களில் பணியாளர் பாதி நாள் பதிவேட்டையும் கைப்பேசியையும் வைத்துக்கொண்டு மல்லாடுவார், அவர்களுக்கு ஏறியிருக்கும் வேலை அப்படி. அதனால் மாமியாரையும் அழைத்துக்கொண்டு ஒரு நாள் காலை பதினொரு மணிக்குப் போய்ப் பாருங்கள். சொல்லிவிட்டுப் போக வேண்டாம். குழந்தைகள் பாயில் வரிசையாகப் படுத்திருக்கிறார்களா, ஏதாவது செய்துகொண்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அந்த ஒரு பார்வையில் முக்கால்வாசி தெரிந்துவிடும். மையம் நன்றாக இருந்தால் ஜூன் வரைக்கும் காத்திருக்கவே வேண்டாம், மார்ச்சிலேயே அனுப்பலாம். மாமியார் கொண்டுபோய் விட்டு அவரே கூட்டியும் வந்துவிடுவார், ஏப்ரலில் நீங்கள் வேலைக்குப் போவதற்குள் குழந்தைக்குப் பழகிவிடும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 2019 ஜனவரியில், அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருக்கும் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். 2022-ல் அதை நிறுத்தப் போகிறார்கள் என்று பேச்சு வந்து, எதிர்ப்புக் கிளம்பி, பிறகு தொடர்ந்தார்கள். உங்கள் பக்கத்து நடுநிலைப் பள்ளியில் அது நடக்கிறதா என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். 2027-க்கு உதவும்.

அங்கன்வாடி சரிப்படவில்லை, தனியார் பிரீ.கே.ஜி.தான் என்றால் பள்ளியை எப்படிப் பார்ப்பது? முகப்பில் மிக்கி மவுஸ் வரைந்திருக்கிறதா, ஸ்மார்ட் போர்டு இருக்கிறதா என்பதை விட்டுவிடுங்கள். நான் பார்க்கச் சொல்வது ஆயாவை. டீச்சர் பி.எட். முடித்திருக்கலாம், இங்கிலீஷ் சரளமாகப் பேசலாம். ஆனால் உங்கள் மகளின் ஈர ஜட்டியை மாற்றப் போவதும், வாந்தி எடுத்தால் நெற்றியைப் பிடிக்கப் போவதும் ஆயாதான். எங்கள் பள்ளியில் ஒருவர் இருந்தார். அழும் குழந்தையிடம் "அழாதே" என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நேராகப் பாத்திரம் விளக்கும் இடத்துக்குப் போவார். கவிழ்த்து வைத்திருக்கும் டம்ளரைக் காட்டி "இதெல்லாம் எத்தனைன்னு எண்ணிச் சொல்லு, எனக்குத் தெரியலை" என்பார். விக்கிக்கொண்டே எண்ணும் அது: ஒண்ணு, ரெண்டு, அஞ்சு, ஒம்போது. ஒம்போது வருவதற்குள் அழுகை நின்றிருக்கும். பள்ளி பார்க்கப் போகும்போது ஆயா எத்தனை பேர், எத்தனை வருடமாக இருக்கிறார்கள் என்று கேளுங்கள். வருடத்துக்கு ஓர் ஆயா மாறுகிற பள்ளியில் ஏதோ சரியில்லை. எண்ணிக்கைக்கு ஓர் அளவுகோல் வேண்டுமென்றால், தனியார் மழலையர் பள்ளிகளுக்கான தேசியக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல் 20 குழந்தைக்கு ஓர் ஆசிரியரும் ஓர் உதவியாளரும் என்கிறது. 35 குழந்தைகளை ஒரு டீச்சரிடம் விட்டுவிட்டு ஆயாவை அலுவலகத்துக்குக் காபி வாங்க அனுப்பும் இடங்களும் இருக்கின்றன.

அடுத்து கழிப்பறைக்குப் போய்ப் பாருங்கள். "அங்கெல்லாம் எதுக்கு மேடம்" என்றால் அதுவே பதில். பீங்கான் குழந்தையின் உயரத்துக்கு இருக்கிறதா, தரை வழுக்குகிறதா, குழந்தை உள்ளே மாட்டிக்கொள்ளும்படி கதவுத் தாழ்ப்பாள் இருக்கிறதா. அப்படியே பின்பக்கம் நடந்துபோய், கழிவுநீர்த் தொட்டி, தண்ணீர்த் தொட்டி மூடிகளைக் காலால் தட்டிப் பாருங்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் எல்.கே.ஜி. படித்த ஒரு சிறுமி பள்ளியின் கழிவுநீர்த் தொட்டியில் விழுந்து இறந்தாள். அதே வருடம் ஏப்ரலில் மதுரையில் ஒரு மழலையர் பள்ளியில் இன்னொரு சிறுமி தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இறந்தாள். மாடியில் வகுப்பு இருந்தால் படிக்கட்டு எத்தனை அகலம், இறங்க இன்னொரு வழி உண்டா என்று பாருங்கள். 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் பள்ளியில் தீப்பிடித்து 94 பிள்ளைகளைப் பறிகொடுத்தோம், கூரையும் குறுகலான படியும் சேர்ந்து செய்த கொடுமை அது. பிரீ.கே.ஜி. என்றால் தரைத்தளம்தான் என்று பிடிவாதமாக இருங்கள்.

வேன் வேண்டாம். இரண்டே முக்கால் வயதில் வேன் தேவைப்படும் தூரத்தில் இருக்கும் பள்ளி உங்களுக்கான பள்ளி இல்லை. 2012-ல் சென்னையில் ஒரு சிறுமி பள்ளிப் பேருந்தின் தரை ஓட்டை வழியாக விழுந்து இறந்த பிறகு, தமிழ்நாடு பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனி விதிகளே கொண்டுவந்தது. ஆனால் எட்டுக் குழந்தைகளை மடியிலும் பலகையிலும் திணித்துக்கொண்டு போகும் ஆட்டோவை நம் தெருவில் இன்றைக்கும் பார்க்கிறோம். நடந்து போகும் தூரத்தில் சுமாரான பள்ளி கிடைத்தால் அதுவே போதும்.

கட்டணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி தனியார் பள்ளிகளுக்குக் கட்டண நிர்ணயக் குழு இருக்கிறது. உங்கள் பள்ளிக்குக் குழு நிர்ணயித்த தொகை என்ன என்று கேளுங்கள், கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கேளுங்கள். "டொனேஷன்" என்று ரசீதில்லாமல் கேட்டால் அங்கேயே ஒரு முடிவுக்கு வந்துவிடலாம். யூனிஃபார்மை ஒரு ஜோடிக்கு மேல் முதலிலேயே வாங்காதீர்கள், ஆறு மாதத்தில் சட்டை ஏறிவிடும்.

கல்வி உரிமைச் சட்டத்தில், அதாவது ஆர்.டி.இ.யில், இந்த வருடம் முயற்சி செய்யலாமா என்றால், எல்.கே.ஜி.க்கு உங்கள் மகளுக்கு இந்த வருடம் வயது வராது. 2027-28-க்கு, இதே கணக்கு தொடர்ந்தால், 2023 ஆகஸ்ட் 1 முதல் 2024 ஜூலை 31 வரை பிறந்தவர்கள் தகுதி பெறுவார்கள், அதில் அவள் வருகிறாள். சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகளில் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடம், எட்டாம் வகுப்பு வரை கட்டணம் அரசு கட்டும். வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குக் கீழே என்றால் நலிவடைந்த பிரிவு. பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. என்றால் சாதிச் சான்றிதழோடு வாய்ப்பு மறுக்கப்பட்டோர் பிரிவு. விண்ணப்பம் இணையத்தில், இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில் நடக்கும். 2025-ல் மத்திய அரசின் நிதி வராத தகராறில் அக்டோபர் வரை இழுத்துவிட்டது. அதனால் இதை மட்டும் நம்பி மற்ற கதவுகளை மூடிவிடாதீர்கள். இன்னொன்று, புத்தகம், சீருடை என்று சில பள்ளிகள் தனியாகக் கேட்கும். அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

காகிதங்கள். இதில் நான் சேர்க்கை மேசையில் அதிகம் பார்த்த தகராறு பெயர் எழுத்துதான். பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரே ஏறியிருக்காது, "பெண்" என்று மட்டும் இருக்கும். ஒரு வருடத்துக்குள் என்றால் இலவசமாகப் பெயர் சேர்க்கலாம், அதன்பின் 15 வருடம் வரை சிறு தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். உங்களுடையதை எடுத்து இன்றைக்கே பாருங்கள். யாழினி என்று பெயர் வைத்திருப்பார்கள். பிறப்புச் சான்றிதழில் ழகரத்துக்கு இசட், எச் என்று இரண்டு எழுத்து இருக்கும், ஆதாரில் வெறும் எல் இருக்கும், சாதிச் சான்றிதழில் மூன்றாவதாக ஒன்று இருக்கும். இனிஷியல் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால். இதை எல்.கே.ஜி.யில் சரிசெய்யாமல் விட்டால் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரைக்கும் கூடவே வரும். பிறப்புச் சான்றிதழில் உள்ள எழுத்தை மூலமாக வைத்து மற்றதையெல்லாம் அதற்குப் பொருத்துங்கள். ஐந்து வயதுக்குக் கீழே ஆதாருக்குக் கைரேகை எடுக்க மாட்டார்கள், நீல நிற அட்டை வரும். 5 வயது ஆனதும் கைரேகை பதிய வேண்டும், 7 வயதுக்குள் போனால் இலவசம். தடுப்பூசி அட்டையையும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை வயதில் போட வேண்டிய டி.பி.டி. ஊக்க ஊசியும் தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் ஊசியும் போட்டாயிற்றா என்று பாருங்கள். பள்ளிக்குப் போன முதல் மூன்று மாதம் மூக்கு ஒழுகிக்கொண்டேதான் இருக்கும், அதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

எழுத்துக்கு வருவோம். "பிரீ.கே.ஜி.யிலேயே ஏ டு இசட் எழுத வைத்துவிடுவோம்" என்று பெருமையாகச் சொல்லும் பள்ளியிலிருந்து தள்ளி இருங்கள். மூன்று வயதில் விரல் எலும்பும் தசையும் பென்சிலுக்குத் தயாராக இல்லை. பிடித்து எழுத வைத்தால் முஷ்டியோடு பிடிக்கும், அப்புறம் அந்தப் பிடியை மாற்ற நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. 2022-ல் வந்த அடிப்படை நிலைக்கான தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பே 3 முதல் 8 வயது வரை விளையாட்டு வழிதான் என்கிறது. வீட்டில் செய்ய வேண்டியது சப்பாத்தி மாவை உருட்ட விடுவது, பட்டாணி உரிக்க விடுவது, துணி கிளிப்பை மாட்டிக் கழற்ற விடுவது. பட்டாணி உரிக்கத் தெரிந்த குழந்தை பென்சிலைச் சரியாகப் பிடிக்கும், நான் பதினெட்டு வருடம் பார்த்தது.

ஆசைக்கு எழுத்தறிவிக்க வேண்டுமென்றால் விஜயதசமி இருக்கிறது. தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, தாத்தாவோ பாட்டியோ விரலைப் பிடித்து "அ" எழுத வைக்கட்டும். திருவாரூர் மாவட்டம் கூத்தனூர் சரஸ்வதி கோயிலில் அன்று பிள்ளைகளை நெல்லில் எழுத வைக்கும் கூட்டத்தைப் பார்க்க வேண்டும். ஒரு குழந்தை எழுதும், ஒரு குழந்தை நெல்லை வாயில் போடும், ஒன்று தாம்பாளத்தையே கவிழ்க்கும். அந்த ஓர் எழுத்து போதும், மறுநாளே நோட்டை விரித்துவிடாதீர்கள்.

சேர்ப்பதற்கு முன் கட்டாயமாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியது இரண்டே விஷயம். ஒன்று, ஒண்ணுக்கு வருகிறது என்று மற்றவர்களுக்குப் புரியும் வார்த்தையில் சொல்ல. ஒரு வருடம் எங்கள் வகுப்பில் ஒரு பையன் முதல் நாள் காலையிலிருந்து "தாத்தா, தாத்தா" என்று தேம்பிக்கொண்டே இருந்தான். தாத்தாவைத் தேடுகிறான் போலிருக்கிறது என்று, "தாத்தா சாயங்காலம் வருவாங்க கண்ணா" என்று நானும் தட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். பத்தரை மணிக்குக் கதவோரம் நின்றபடியே நனைத்துவிட்டான். மாலையில் அவன் அம்மா சொல்லித்தான் தெரிந்தது, வீட்டில் அவனைப் பாத்ரூமுக்குக் கூட்டிப் போவது தாத்தா. அதனால் அந்த வீட்டில் "தாத்தா" என்றால் ஒண்ணுக்கு என்று அர்த்தமாகிவிட்டது. உங்கள் வீட்டு வார்த்தை எதுவோ அதை டீச்சரிடமும் ஆயாவிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பையில் மாற்றுத் துணி இரண்டு செட்.

இரண்டாவது, டப்பா மூடியைத் திறக்க. நாலு பக்கமும் கிளிப் வைத்த அழகான டப்பாவைக் கடையில் வாங்கித் தருவீர்கள், அதைத் திறக்க எனக்கே நகம் போகும். முப்பது டப்பாவை நானும் ஆயாவும் திறந்து முடிப்பதற்குள் முதல் குழந்தை பாதி சாப்பிட்டிருக்கும், கடைசிக் குழந்தை தூங்கியிருக்கும். ஒரு மாதம் முன்பே சாதாரண எவர்சில்வர் டப்பாவில் வீட்டிலேயே சாப்பிட வையுங்கள். தானே திறந்து, தானே எடுத்து, சிந்தினாலும் பரவாயில்லை என்று விட்டுவிடுங்கள். பாட்டி ஊட்டாமல் இருப்பதற்குத்தான் அதிகப் பயிற்சி வேண்டியிருக்கும்.

முதல் வாரம் அழும். சில குழந்தை முதல் மூன்று நாள் ஜம்மென்று போய்விட்டு நாலாவது நாள் அழ ஆரம்பிக்கும். இது தினமும் நடக்கப்போகிறது என்று அதற்கு அன்றுதான் விளங்கியிருக்கும். "அம்மா கடைக்குப் போயிட்டு வந்துடறேன்" என்று பொய் சொல்லி நழுவாதீர்கள். அப்புறம் நீங்கள் உண்மையிலேயே கடைக்குப் போனாலும் கூடவே அழுதுகொண்டு வரும். "சாப்பிட்டு முடிச்சதும் வர்றேன்" என்று அதற்குப் புரியும் நேரக்கணக்கில் சொல்லுங்கள், சொன்னபடி வந்து நில்லுங்கள். விட்ட பிறகு ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கும் அப்பாக்கள் வருடத்துக்கு நாலு பேராவது இருப்பார்கள். டம்ளர் எண்ணி ஒம்போதுக்கு வந்த குழந்தை ஜன்னலில் அந்தத் தலையைப் பார்த்துவிட்டு மறுபடி ஒண்ணிலிருந்து தொடங்கும். உங்கள் கணவரிடம் இதை மட்டும் சொல்லி வையுங்கள்.

பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டு, மூன்று வாரத்தில் சரியாகிவிடும். ஒரு மாதம் தாண்டியும் ராத்திரி அலறி எழுந்தால், சாப்பாடு குறைந்தால், குறிப்பிட்ட ஒருவர் பெயரைச் சொன்னாலே ஒடுங்கினால், "போகப் போகச் சரியாகும்" என்று விடாதீர்கள். பள்ளிக்குப் போய் நிதானமாகக் கேளுங்கள். உடம்பில் தழும்போ, தொடுவது பற்றிக் குழந்தை சொல்லும் ஏதேனும் ஒரு வார்த்தையோ இருந்தால் 1098-க்குக் கூப்பிடுங்கள், அது குழந்தைகளுக்கான உதவி எண், கட்டணமில்லை.

வேலைக்குத் திரும்புவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஏப்ரலில் சேரும்போதே மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: குழந்தையைச் சேர்க்கும் முதல் இரண்டு வாரத்துக்கு மதியம் அரை நாள் விடுப்பு வேண்டும் என்று. மார்ச்சிலேயே அங்கன்வாடிக்கு அனுப்புகிறீர்கள் என்றால் அந்த விடுப்பும் தேவைப்படாது, மாமியார் இருக்கிறார். அவரிடம் ஊட்டி விட வேண்டாம் என்று சொல்கிற வேலையை மட்டும் உங்கள் கணவரிடம் விட்டுவிடுங்கள்.